ஐந்தாவது குண்டு



இந்த வாரம் வேதப்பகுதி எதையும் நான் விளக்கப் போவதில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை முழுவதையும் ஒரு விளையாட்டு இயந்திரத்தைக் கழற்றிப் பொதி கட்டுவதில் செலவிட்டேன். அன்றிலிருந்து என் மனம் வேறெதிலும் நிலைகொள்ளவில்லை. ஆகவே அதையே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் கடந்த ஜனவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1970களில் சிகாகோவுக்கு வந்து, இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஓய்வுபெறும்வரை உழைத்தவர். அவருடைய மனைவி வீட்டை விற்றுவிட்டு, முதியோருக்கான சிறு குடியிருப்புக்கு மாறத் தீர்மானித்தார்கள். ஒரே மகன் மேற்கே, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் இருக்கிறான். சாலை வழியே ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். வீட்டிலுள்ள எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று தாய் சொன்னபோது அவன் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான்: நிலவறையில் இருந்த பின்பால் இயந்திரம்.

அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கால்கள் வைத்த ஒரு நீண்ட மரப்பெட்டி, அதற்குள் சாய்ந்த பலகை, மேலே கண்ணாடி. வில் பூட்டிய கோலை இழுத்துவிட்டால் எஃகுக் குண்டு ஒன்று மேலேறி, பலகையிலுள்ள முளைகளிலும் ரப்பர் வளையங்களிலும் மோதி, மணிகளை ஒலிக்கச் செய்து இறங்கி வரும். கீழே இரண்டு துடுப்புகள். பொத்தானை அழுத்தினால் அவை குண்டை மீண்டும் மேலே தட்டும். தவறவிட்டால் குண்டு குழியில் விழும். அவ்வளவுதான் ஆட்டம். மூப்பர் வைத்திருந்தது 1960களின் தொடக்கத்தில் காட்லீப் நிறுவனம் இதே சிகாகோவில் செய்தது. அதற்கு ஐந்து குண்டுகள். பழுதாகிக் கிடந்ததை ஒரு வீட்டு வாசல் விற்பனையில் அற்ப விலைக்கு வாங்கி, பத்து வயது மகனை அருகில் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் அதைப் பழுதுபார்த்தாராம்.

நான் இந்தச் சபைக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து முகம் சுளித்தேன். மூப்பர் வீட்டில் சூதாட்டக் கருவியா? அவர் கோபப்படவில்லை, சிரித்தார். நான் நினைத்ததில் பாதி சரிதான் என்றார். 1942இல் நியூயார்க் மேயர் லகார்டியா இவற்றைத் தடைசெய்து, காவலரைக்கொண்டு சம்மட்டியால் உடைக்கச் செய்தார். இவற்றைச் செய்து உலகெங்கும் அனுப்பிய சிகாகோவே தன் எல்லைக்குள் பல்லாண்டுகள் இவற்றை அனுமதிக்கவில்லை. ஆனால் 1947இல் துடுப்புகள் வந்தன. அதன்பின் அதிர்ஷ்டத்தைவிடக் கையின் திறமை பெரிதாயிற்று. 1976இல் ராஜர் ஷார்ப் என்னும் இளைஞர் நியூயார்க் மாநகர மன்றத்தாரின் முன்பு ஆடிக் காட்டி, இது திறமை விளையாட்டு என்று மெய்ப்பித்த பிறகு அங்கே தடை நீங்கியது. இதையெல்லாம் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டே அவர் எனக்குச் சொன்னார். "அது சரி ஐயா, நீங்க ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க" என்றார். ஆடினேன். ஐந்து குண்டுகளும் ஒரு நிமிடத்தில் குழியில்.

பொதி கட்டும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மகன்தான், கைப்பேசியில் முகம் பார்த்தபடி. ஏனென்றால் அவனுடைய தொழிலே அது. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பழைய விளையாட்டு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலைக்குப் போனவன். தகப்பனும் மகனும் பிரிந்தது அதனால்தான்.

முதலில் குண்டுகளை வெளியே எடுக்க வேண்டும். உள்ளே கிடந்தால் வழியெல்லாம் உருண்டு பலகையை நொறுக்கிவிடும். ஒவ்வொன்றும் 80 கிராம். உள்ளங்கையில் வைத்தால் அதைவிடக் கனமாகத் தோன்றும். நான்கு கிடைத்தன. மூப்பரின் ஒரு காலுறையில் போட்டு முடிச்சிட்டேன். ஐந்தாவது எங்கோ சிக்கியிருந்தது. பிறகு பார்க்கலாம் என்றான்.

அடுத்தது கண்ணாடி. காசு போடும் கதவைத் திறந்து உள்ளேயுள்ள நெம்புகோலைத் தள்ளினால், முன்விளிம்பைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டை விடுபடும், கண்ணாடியை உருவிவிடலாம். "அங்கிள், தரையில வைக்காதீங்க! மூலை சிமெண்ட்ல படவே கூடாது!" என்று கத்தினான். பதப்படுத்திய கண்ணாடி நடுவில் அடியைத் தாங்குமாம். ஓரத்தில் சிறு கல் பட்டாலும் முழுவதும் பொடிப்பொடியாகிவிடுமாம். போர்வையை விரித்து அதன்மேல் வைத்தோம்.

தலைப்பெட்டியின் ஓவியக் கண்ணாடிக்கு வேறு விதி. அதன் ஓவியம் கண்ணாடியின் பின்புறத்தில் அச்சிட்ட வண்ணம். அறுபது ஆண்டுப் பழைமையில் அது உரியத் தொடங்கியிருக்கும். வண்ணப் பக்கத்தில் ஒட்டுநாடாவோ குமிழ்த்தாளோ படலாகாது. பட்டால் வண்ணம் அதனோடு வந்துவிடும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே, எதுவும் தொடாதபடி சட்டம்போல் இடைவெளி விட்டு, நிமிர்த்தி வைத்தேன்.

அதன்பின் ஒரு சிறு ஊசல். கம்பியில் தொங்கும் ஒரு குண்டு, அதைச் சுற்றி ஒரு வளையம். யாராவது இயந்திரத்தைப் பலமாக அசைத்தால் ஊசல் வளையத்தைத் தொடும்; மின்சுற்று இணைந்து ஆட்டம் அத்துடன் முடியும். குறுக்குவழியில் வெல்ல நினைப்போரைத் தடுப்பதற்கு இது. லாரியில் நாள்கணக்கில் ஆடி எதையாவது இடிக்கும் என்பதால் இதையும் கழற்றிப் பையிலிட்டுப் பெயர் எழுதினேன்.

தலைப்பெட்டியையும் உடற்பெட்டியையும் இணைக்கும் கம்பிக்கற்றைகளைப் பிரிக்குமுன், ஒவ்வொரு செருகியையும் படமெடுத்து எண்ணிட்டோம். ஆடுபலகையை உயர்த்தி அதன் முட்டுக்கோலில் நிறுத்தியபோதுதான் அதைக் கண்டேன்.

பெட்டியின் உட்சுவரில், பென்சிலால், தமிழில், வரிசையாகப் பன்னிரண்டு வரிகள். 'ரப்பர் மாற்றியது. தொடர்புகள் துடைத்தது. ஐந்து ஆட்டம் சோதித்தது.' ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு தேதி. எல்லாம் நவம்பர் மாதப் பிற்பகுதியின் புதன்கிழமைகளாகத் தோன்றின. கைப்பேசியில் நாள்காட்டியைத் திறந்து ஒன்றிரண்டைச் சரிபார்த்தேன். அமெரிக்காவில் நன்றி செலுத்தும் நாளுக்கு முந்தைய நாள். பிள்ளைகள் எல்லா ஊர்களிலிருந்தும் வீடு திரும்பும் மாலை. கடைசி வரியின் எழுத்துகள் நடுங்கியிருந்தன.

அன்பானவர்களே, இங்கே நான் நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மகன் போய் ஒரு மாதம் ஆனபோது, மூப்பர் என்னிடம் வந்தார். "போன் பண்ணிப் பேசட்டுமா ஐயா?" என்று கேட்டார். பண்ண வேண்டாம் என்றேன். கெட்ட குமாரனின் உவமையை எடுத்துக்காட்டினேன். அந்தத் தகப்பன் தூரதேசத்துக்குத் தேடிப் போகவில்லை, மகன் தன்னை உணர்ந்து தானே எழுந்து வரும்வரை காத்திருந்தான் என்று விளக்கினேன். இறையியல் கல்லூரியில் கற்றதையெல்லாம் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அந்த மகன் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே தகப்பன் அவனைக் கண்டுகொண்டான் என்று அதே பகுதியில் இருப்பதையோ, அப்படிக் காண ஒருவன் எத்தனை நாள் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும் என்பதையோ நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. மேலும், இந்தப் பையன் பன்றி மேய்க்கப் போகவில்லை. தகப்பன் கற்றுக்கொடுத்த தொழிலைச் செய்யப் போயிருந்தான். மூப்பர் தலையசைத்துவிட்டுப் போனார். மறுபடி என்னிடம் அதைக் கேட்கவேயில்லை. சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படிகிற மனிதர் அவர்.

"என்ன அங்கிள், ஏன் நின்னுட்டீங்க?" என்றது கைப்பேசி. கேமராவை அந்தச் சுவருக்குத் திருப்பினேன். அவன் தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன், பன்னிரண்டையும். வெகுநேரம் திரையில் அவன் முகத்துக்குப் பதிலாகப் பட்டறையின் கூரைதான் தெரிந்தது. பிறகு, "சரி, பலகையை மெதுவா இறக்குங்க. பக்கத்துல ஸ்பஞ்ச் வைக்கணும்" என்றான்.

மற்றவை விரைவில் முடிந்தன. தலைப்பெட்டியின் மரையாணிகளைக் கழற்றி இறக்கினோம். ஒரு காலுக்கு இரண்டாக எட்டு மரையாணிகள். நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டினோம். போர்வை, அதன்மேல் தடித்த அட்டை, அதன்மேல் சுற்றிச் சுற்றிப் பிளாஸ்டிக் படலம். முழு இயந்திரம் 100 கிலோவைத் தாண்டும். சபை வாலிபர் இருவர் தள்ளுவண்டியில் பட்டையிட்டு, நிலவறைப் படிகளில் ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். பெட்டியைச் சாய்த்தபோது உள்ளே 'கடகட' என்று ஒரு ஓசை. ஐந்தாவது குண்டு! பக்கத்துப் படலத்தைக் கிழித்து, காசுக் கதவு வழியே கையை விட்டு எடுத்தேன். காலுறை ஏற்கெனவே கட்டுக்குள் போயிருந்தது. மீண்டும் சுற்றி, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடாமல் வெளியே ஒட்டி, மரப்பலகை மேடையில் பட்டைகளால் இறுக்கிக் கட்டினோம்.

சரக்கு நிறுவனத்தின் படிவத்தில் பொருளின் மதிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. பழைய பொருள்களுக்கு இவர்கள் தரும் இழப்பீடு எடைக்கு இவ்வளவு என்று மிகக் குறைவாக இருக்கும். ஆகவே தனிக் காப்பீடு எடுப்பது நல்லது. அந்த அம்மாவிடம் என்ன எழுதலாம் என்று கேட்டேன். "நீங்களே ஏதாவது போடுங்க ஐயா" என்றார்கள். அந்த வகை இயந்திரத்துக்குச் சேகரிப்போர் தரும் விலையை மகனிடம் கேட்டு எழுதினேன்.

பத்து நாள் கழித்து அவன் அழைத்தான். பெட்டி ஓரத்தில் ஒரு சிராய்ப்பு தவிர எல்லாம் நலம். ஓவியக் கண்ணாடி ஒரு துளியும் உரியவில்லை. மணிகளை ஒலிக்கவிட்டுக் கேட்கச் செய்தான். "ஆனா அங்கிள், நாலு பால்தான் இருக்கு."

என் குளிர்ச்சட்டைப் பையில் கையைவிட்டேன். இருந்தது.

அவன் பட்டறையில் எஃகுக் குண்டுகளுக்குப் பஞ்சமில்லை, தேவையில்லை என்றான். இருந்தாலும் அனுப்புகிறேன் என்றேன். அன்றிரவு அதனோடு வைக்க ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூப்பர் என்னிடம் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும், அது எந்த மாதம் என்பதையும் எழுதினேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவனாகையால் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் என்னால் பூசி மெழுக முடியாது. நான்கு முறை கிழித்தேன். ஐந்தாவதில் இரண்டே பக்கம்.

நேற்றுக் காலை அஞ்சலகத்தில் அந்தத் தடித்த உறையைக் கொடுத்தேன். உள்ளே என்ன என்று எழுத்தர் கேட்டாள். நல்லவேளை, குண்டு என்று அவளிடம் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு கடிதமும் ஒரு எஃகுப் பந்தும் என்றேன். அவள் உறையைத் தராசில் வைத்து, போர்ட்லாந்துக்கு மூன்று நாள் ஆகும் என்றாள்.