அவரவர் கண், அவரவர் காது

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணையோ, ஆபீஸில் உங்கள் கீழ் வேலை செய்கிறவளையோ எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள்? “நான் செய்தால் இத்தனை நேரமா ஆகும்?” என்றுதானே? பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அளவுகோல் பொல்லாதது. ஒரு மனிதரின் பிழைப்பையே அது பறித்திருக்கிறது.

இங்கிலாந்தில், கிரீனிச் வான ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த சங்கதி. மாஸ்கலின் என்பவர் தலைவர். கின்னிப்ரூக் அவருடைய உதவியாளர். தொலைநோக்கிக்குள் மெல்லிய கம்பிகள் இருக்கும். நட்சத்திரம் ஒரு கம்பியைக் கடக்கும் நேரத்தை, வினாடியில் பத்தில் ஒரு பங்கு வரை கணித்துக் குறிக்க வேண்டும். கண் நட்சத்திரத்தின் மேல். காது கடிகாரத்தின் ‘டிக் டிக்’ ஓசையின் மேல்!

1795 ஆகஸ்டில், உதவியாளரின் கணக்கு தம்முடையதைவிட அரை வினாடி பிந்துவதைத் தலைவர் கவனித்தார். சொல்லிப் பார்த்தார். குறைந்ததா? இல்லை, 1796 ஜனவரியில் அது 0.8 வினாடி ஆயிற்று. ஆளை அனுப்பிவிட்டார். மற்ற விஷயங்களில் அவர் சுறுசுறுப்பானவர், உபயோகமானவர் என்று தலைவரே எழுதியும் வைத்தார். என்ன பிரயோசனம்? போன வேலை போனதுதான்.

பல வருஷங்களுக்குப் பிறகு பெஸ்ஸல் என்ற ஜெர்மானிய வானசாஸ்திரி அந்தக் குறிப்பைப் படித்தார். மற்றவர்கள் மட்டும் ஒரே மாதிரியா குறிக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது. 1820 முதல் தம்மையே மற்ற நிபுணர்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒருவரோடு ஒரு வினாடிக்கும் மேலேயே வித்தியாசம்! இருவருமே கைதேர்ந்தவர்கள். கண் கண்டதையும் காது கேட்டதையும் மனசு ஒன்று சேர்ப்பதற்கு ஆளுக்கு ஆள் நேரம் வேறுபடுகிறது, அவ்வளவுதான். அதன் பிறகு வானசாஸ்திரிகள் அவரவர் வித்தியாசத்தை அளந்து, கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். ஆளைத் திருத்தப் புறப்படவில்லை. பாவம், கின்னிப்ரூக் 1802-லேயே காலமாகிவிட்டார்.

உலகத்தில் சோம்பேறிகளே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் மெதுவாகச் செய்கிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்ல. நான் ஆபீஸில் ஒரு பிரிவைக் கவனித்துவந்த காலத்தில், என் கீழ் இரண்டு பெண்கள் டைப் அடித்தார்கள். ஒருத்தி கண் மூடித் திறப்பதற்குள் பக்கத்தை முடித்துவிடுவாள். ஆனால் தொகைகளில் இலக்கங்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். இன்னொருத்தி ஆமை வேகம். அவள் அடித்த பட்டியலில் ஒரு புள்ளி கூடப் பிசகாது. ஆமையை வேறு இடத்துக்கு மாற்றிவிடும்படி மேலதிகாரி சொன்னார். ஒரு மாதம் தவணை கேட்டு வாங்கினேன். கடிதங்களெல்லாம் வேகக்காரியிடம், கணக்குப் பட்டியல்களெல்லாம் நிதானக்காரியிடம் என்று பிரித்துக் கொடுத்தேன். மாதக் கடைசியில் மாற்றல் பேச்சே எழவில்லை.

ஆகையால், “இத்தனை நேரமா?” என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வரும்போது ஒரு நிமிஷம் பொறுங்கள். அவள் வேலையில் இருப்பது தாமதமா, தப்பா என்று பாருங்கள். தப்பானால் சொல்லிக் கொடுங்கள். வெறும் தாமதம்தான் என்றால், உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: என் வேகம்தான் சரியான வேகம் என்று எந்தக் கடிகாரம் சொன்னது?