மரம் கோடான கதை

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர்கள் உண்டு என்பார்கள். நான் மழைக்கு ஒதுங்கியது ஒரு சித்திர சாலையில்! அதுவும் நம் ஊரில் அல்ல. ஹாலந்து தேசத்தில், ஹேக் நகரத்தில்.

ஹாலந்துக்குப் போகிறவர்கள் காற்றாலையையும் ட்யூலிப் தோட்டத்தையும் பார்த்துவிட்டு, ஒரு ஜோடி மரச் செருப்பும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது வழக்கம். நானும் என் மனைவியும் அந்த உத்தேசத்துடன்தான் புறப்பட்டோம். ஆனால் ட்ராமை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. எதிரே மஞ்சள் செங்கல்லில் ஒரு பெரிய கட்டடம். முன்னால் இரண்டு பக்கமும் தடாகம்; நடுவே கூரை வேய்ந்த நீண்ட நடை. அதற்குள் புகுந்து ஓடினோம். அதுதான் ஹேக் நகரத்துக் கலைக்கூடம். பெர்லாகே என்ற கட்டடக் கலைஞர் திட்டமிட்டு, அவர் காலமான மறு வருஷம், 1935-ல் திறக்கப்பட்டது.

உள்ளே கண்ணில் பட்ட முதல் படம் எங்களைத் திகைக்க வைத்தது. கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நடுவே சிவப்பாக ஒரு பெரிய கட்டம். ஓரங்களில் மஞ்சளும் நீலமும். அவ்வளவுதான்.

"ஏங்க, இதற்கா டிக்கெட் வாங்கினோம்? நம் வீட்டு ஜன்னலுக்கு வர்ணம் அடித்தால் இப்படித்தான் இருக்கும்" என்றாள் மனைவி. "தலைகீழாக மாட்டினால்கூட யாருக்கும் தெரியாது!"

அவள் வாக்குப் பொய்க்கவில்லை. இதே ஓவியர் 1941-ல் செய்த ஒரு படம் ஜெர்மனியில் பல வருஷங்களாகத் தலைகீழாகவே தொங்கிக்கொண்டிருந்தது என்ற செய்தி 2022-ல்தான் வெளியாயிற்று!

ஆனால், வாசகர்களே, அவசரப்படாதீர்கள். தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்தவர்களின் நிலைமைதான் எங்களுடையது. முதல் அத்தியாயம் வேறு அறையில் இருந்தது.

அந்த அறைக்குப் போனோம். ஆற்றங்கரையில் ஒரு குடியானவன் வீடு. தண்ணீரில் அதன் நிழல். சாயங்கால ஆகாசத்தின் மங்கல் வெளிச்சம். "அடடா, எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார்! இது வேறு யாரோ" என்றாள் மனைவி. பெயரைப் பார்த்தால் அதே பெயர்: பியட் மாண்ட்ரியான்.

1872-ல் பிறந்தவர். தகப்பனார் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். பிள்ளை சித்திரம் கற்பிக்கும் யோக்கியதைப் பத்திரமும் வாங்கி, ஆம்ஸ்டர்டாமில் முறையாகப் பயின்று, ஆறும் மரமும் காற்றாலையும் வரைந்து நல்ல பெயரும் எடுத்துவிட்டார். அப்படிப்பட்டவருக்கு என்ன வந்தது?

அதைச் சொல்பவை மூன்று மரங்கள்.

1908-ல் தொடங்கி 1910-ல் முடித்தது முதல் மரம். மாலை நேரம், நீல ஆகாசம், அதில் நெருப்புப் போலச் சிவந்த கிளைகள். நிஜ மரத்துக்கு அந்த நிறம் ஏது? ஆனாலும் அது மரம்தான். 1911-ல் இரண்டாவது மரம். நிறமெல்லாம் வடிந்து சாம்பலாகிவிட்டது. கிளைகள் வளைந்த கோடுகளாகிவிட்டன. 1912-ல் மூன்றாவது. 'பூத்த ஆப்பிள் மரம்' என்று பெயர். பூவும் இல்லை, ஆப்பிளும் இல்லை. வில்போல வளைந்த கோடுகள் மட்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கின்றன.

சாம்பல் மரத்தின் எதிரில் மனைவி வெகு நேரம் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கிளைகளைவிட, கிளைகளுக்கு நடுவில் இருக்கிற ஆகாசத்தைத்தான் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்."

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வாஸ்தவம்! கிளைக்கு எவ்வளவு வர்ணமோ, இடைவெளிக்கும் அவ்வளவு வர்ணம். எது மரம், எது ஆகாசம் என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

இந்த மாறுதலுக்கு ஒரு காரணம் நம் சென்னையைத் தொட்டு நிற்கிறது. 1909-ல் மாண்ட்ரியான் பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்தார். அந்தச் சங்கத்தின் தலைமையகம் எங்கே? அடையாற்றில், பெரிய ஆலமரம் உள்ள அந்தத் தோட்டத்தில்தான்! கண்ணுக்குத் தெரியும் உருவங்களின் பின்னால் மாறாத ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று அவர் நம்பினார். இலை உதிரும், கிளை முறியும். உதிராததும் முறியாததும் எதுவோ அதை வரைய ஆசைப்பட்டார்.

இன்னொரு காரணம், 1911-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு கண்காட்சி. பிக்காஸோ, பிராக் ஆகியோரின் படங்களை அங்கே பார்த்தார். உருவங்களை உடைத்துத் துண்டு துண்டாக அடுக்கிய படங்கள் அவை. பார்த்ததும் மூட்டை கட்டிக்கொண்டு பாரிஸுக்குப் புறப்பட்டுவிட்டார். அப்போது அவருக்கு வயது 39. கைவந்த தொழிலைக் கீழே வைத்துவிட்டு, புதிதாக அரிச்சுவடி படிக்கிற வயசா அது?

1914-ல் ஊருக்கு வந்தவரை உலக யுத்தம் பிடித்து நிறுத்திக்கொண்டது. அந்த வருஷங்களில் வளைவுகளும் போயின. மிஞ்சியவை நெடுக்குக் கோடும் படுக்கைக் கோடும்தான். 1919-ல் பாரிஸுக்குத் திரும்பினார். சிவப்பு, மஞ்சள், நீலம், அவற்றுடன் கறுப்பு, வெள்ளை, சாம்பல்: இனி இவை போதும் என்று தீர்மானித்தார். பாரிஸ் அறையில் அவர் வைத்திருந்த பூ ஒரே ஒரு செயற்கை ட்யூலிப். அதன் பச்சை இலைக்கும் வெள்ளை வர்ணம் பூசிவிட்டாராம்!

சரி, சாப்பாட்டுக்கு என்ன வழி? கட்டங்களைச் சுலபத்தில் யார் வாங்குவார்கள்? ஆகவே, 1920-களில் அவர் பூக்கள் வரைந்து விற்றார். ஆம், அசல் பூக்கள்! இதழும் காம்புமாக, வாங்குகிறவர்கள் கேட்டபடி. அது வயிற்றுக்கு, கோடுகள் மனசுக்கு. பூ வரையத் தெரியாமல் அவர் கோடு போடவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கடைசியாக ஒரு படம். இரண்டாவது யுத்தத்தின்போது லண்டனிலிருந்து நியூயார்க் சேர்ந்த மாண்ட்ரியான், அங்கே நடன சங்கீதத்தில் மயங்கிச் செய்தது. சாய்சதுரத்தில் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு கட்டங்கள் துள்ளுகின்றன. சில இடங்களில் ஒட்டிய வர்ணக் காகிதங்கள் அப்படியே இருக்கின்றன. முடிக்கவில்லை. 1944 பிப்ரவரி 1-ந் தேதி, 71-வது வயதில், நிமோனியா அவரைக் கொண்டுபோய்விட்டது. கைவந்ததை விட்டுப் புறப்பட்ட மனிதர் கடைசி நாள்வரை மாறிக்கொண்டேதான் இருந்தார்.

நாங்கள் வெளியே வந்தபோது மழை நின்றிருந்தது. தெருவோரத்து மரங்களை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம், இடையிலுள்ள ஆகாசத்தையும்தான்.

"ஏங்க," என்றாள் மனைவி, "கையில் காசு இல்லாதபோதும் அவர் மனசுக்கானதை விடவில்லையே! நாம் என்றால் முதலில் அதைத்தானே நிறுத்துகிறோம்?"

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்தில் அவள் கொண்டு வந்த வீணை ஒன்பது வருஷமாக அலமாரியின் மேல் உறைக்குள் உறங்குகிறது. அதை வாசிக்க வேண்டாமென்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வாசி என்றும் சொன்னதில்லை.

மரச் செருப்பு வாங்க மறந்தே போயிற்று. ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக ஒரு செட் வீணைத் தந்தி வாங்கி வந்தேன்.