மேஜையைத் தாங்குவது எது?

பிழைப்புக்காகக் கொல்கத்தாவுக்கு வந்து, பகலில் ஒரு கம்பெனியில் உழைத்துவிட்டு, மாலையில் வீட்டின் தரைத்தள அறையிலேயே மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் வாலிபர் சிலரை நான் அறிவேன். குந்தியிருந்தே இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள், சிறிய வயதிலேயே நிமிர்ந்து நடக்கக் கஷ்டப்படுவதையும் கண்டிருக்கிறேன். ஆகையால், “ஐயா, வண்டியை மேலே ஏற்றி வைக்கும் லிப்ட் மேஜை ஒன்று வாங்கட்டுமா?” என்று அவர்களில் ஒரு சகோதரர் கேட்டபோது, அதை ஆடம்பரம் என்று நான் எண்ணவில்லை. ஆனால், “எத்தனை கிலோ தாங்குவதை வாங்கலாம்?” என்பதே அவருடைய அடுத்த கேள்வியாயிருந்தது.

அந்தக் கணக்கு எளிது. ஹீரோ ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. கடைகளில் கிடைக்கும் மேஜைகளில் அநேகம் 350 கிலோவுக்கு மேல் தாங்கும் என்றே எழுதப்பட்டிருக்கும். நம்முடைய தெருக்களில் ஓடும் வண்டிகளுக்கு அது தாராளம். அந்த எண்ணைப் பார்த்து மயங்காதிருங்கள். வேறொன்றைக் கவனியுங்கள்.

இம்மேஜையை உயர்த்துவது எண்ணெயின் அழுத்தம். 1795-ல் ஜோசப் பிராமா என்பவர் காப்புரிமை பெற்ற நீரழுத்த இயந்திரத்தின் அதே தத்துவந்தான் இதிலும். காலால் மிதிக்கும் சிறிய விசை, அகன்ற உருளைக்குள் பெரிய விசையாக மாறுகிறது. தூக்குவதற்கு எண்ணெய் மிகவும் வல்லது. நெடுநேரம் தாங்கி நிற்பதற்கோ அதை நம்பக்கூடாது. ஏனெனில் அந்த அழுத்தத்தை அடைத்து வைத்திருப்பது ஒரு மெல்லிய ஆயில் சீலும் ஒரு சிறிய வால்வுமே. சீல் தேய்ந்தாலும், வால்வில் ஒரு தூசி சிக்கினாலும், மேஜை மெதுவாய் இறங்கும். சில வேளைகளில் சடுதியாய் இறங்கும். அப்பொழுது கீழே உங்கள் கையிருந்தால்?

ஆகையால் மேஜையின் கால்களில் இரும்புப் பூட்டு இருக்கிறதா என்று முதலாவது பாருங்கள். கடையிலேயே வண்டியை ஏற்றி, உயர்த்தி, பூட்டைப் போட்டுவிட்டு, வால்வைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பாரம் முழுவதும் இரும்பின்மேல் உட்கார்ந்து அசையாமல் நிற்க வேண்டும். இதைச் செய்துகாட்ட மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஹவுராவின் பெலிலியஸ் சாலைப் பட்டறைகளில் சொல்லிச் செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம், அங்கே கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் வெல்டிங்கையும், பூட்டு விழும் பற்களையும் வண்ணம் பூசுவதற்கு முன்னே போய்ப் பாருங்கள். பூசியபின் எல்லா வெல்டிங்கும் அழகாகவே தெரியும்!

மின்சார மோட்டாரில் உயரும் மேஜை சுகமானதுதான். ஆயினும் 2025 செப்டம்பர் 23 அன்று பெய்த பெருமழையில், இந்நகரில் தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் மாண்டதை நாம் மறக்கவில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் புகும் தரைத்தள அறையில், தரையோடு கிடக்கும் மோட்டார் எதற்கு? காற்றழுத்த மேஜைக்குக் கம்ப்ரஸர் வேண்டும். இரவு பத்து மணிக்கு அது போடும் சத்தத்தைப் பாராவில் உள்ளவர்கள் பொறுப்பார்களா என்பதை நீங்களே அறிவீர்கள். காலால் மிதிக்கும் பம்பே நமக்குப் போதும். அதில் எண்ணெய் குறைந்தால் ஜாக்கி எண்ணெயையே ஊற்றுங்கள். கையருகே இருக்கிறதென்று பிரேக் ஆயிலை ஊற்றினால், சாதாரண ரப்பர் சீல் ஊதிக் கெட்டுப்போகும்.

முன்சக்கரத்தைக் கவ்வும் பிடி மட்டும் வண்டியை நிறுத்தாது; இருபுறமும் பட்டை போட்டு இழுத்துக் கட்ட வளையங்கள் வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றுவதற்கு மேஜையின் பின்பக்கத் தகடு தனியே எடுக்கத்தக்கதாயிருந்தால் நலம். பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரை அழகானது, ஆனால் மேஜையின் சிறு சக்கரங்கள் அதைப் பெயர்த்துவிடும். அடியில் கனமான இரும்புத் தகடு போடுங்கள்.

அந்தச் சகோதரரிடம், பணம் கொடுப்பதற்கு முன் மேஜையின் அளவைச் சாக்குக்கட்டியால் தரையில் வரைந்து பார்க்கச் சொன்னேன். ஏறக்குறைய ஏழடி நீளம், இரண்டடிக்குச் சற்று மேல் அகலம், ஏற்றிவிடும் சாய்பலகைக்கு இன்னும் இரண்டு மூன்றடி, சுற்றி நடக்க இடம். வரைந்து முடித்தபோது, அவருடைய நான்கு வயது மகள் அந்தக் கோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு விளையாடத் தொடங்கினாள். அவரும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேஜை இறங்கும்போது கத்தரிபோல் மடங்கும் அந்தக் கால்களுக்கிடையே ஒரு சிறு கை எவ்வளவு எளிதாய் நுழையும்!

மேஜைக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து, அந்த அறைக்கு முதலில் பூட்டுள்ள கதவொன்று போட்டிருக்கிறார். மேஜை அடுத்த மாதம் வருகிறது.