தேவனின் சகாயம்: நட்டாலம் முதல் கோட்டாறு வரை

"நாளை என்ன ஆகுமோ?" என்னும் கேள்வி நுழையாத இல்லம் நம் பங்குகளில் ஒன்றேனும் உண்டா? மகளின் திருமணம், மகனின் வேலை, தந்தையின் நோய், வட்டியோடு வளரும் கடன் என்று வீட்டுக்கு வீடு அது வேறு வேறு வடிவில் வந்து அமர்ந்துகொள்கிறது. கை செபமாலை மணிகளை உருட்டும். மனமோ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். "இறைவன் வழிகாட்டுவார்" என்று நாம் ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறுகிறோம். அவர் எவ்விதம் வழிகாட்டுகிறார்? அவர் வழிகாட்டினால் துன்பம் தீர்ந்துவிடுமா?

இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் ஒருமுறை குமரி மாவட்டத்திற்குச் சென்று வருதல் நலம். நட்டாலத்தில் தொடங்கிக் கோட்டாற்றில் முடியும் ஒரு நாள் திருப்பயணத்தில், ஒரு மனிதரை இறைவன் நடத்திச் சென்ற பாதையைக் கண்ணாரக் காணலாம். அவர் குருவல்லர், துறவியுமல்லர். மனைவியோடு இல்லறம் நடத்திய அரசு அலுவலர். அவரே மறைசாட்சியான புனித தேவசகாயம். 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்ட அவரை, 2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் புனிதராக உயர்த்தினார்கள். இந்தியப் பொதுநிலையினருள் இப்பேற்றினைப் பெற்ற முதல்வர் இவரே.

நட்டாலத்து வீடு

மார்த்தாண்டத்திற்கு அருகே, தென்னையும் வாழையும் அடர்ந்த பசுமையின் நடுவே இருக்கிறது நட்டாலம். இன்று குழித்துறை மறைமாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் 1712 ஏப்ரல் 23ஆம் நாள் நீலகண்டன் பிறந்தார். செல்வாக்குள்ள குடும்பம், நல்ல கல்வி. வளர்ந்தபின் மார்த்தாண்ட வர்ம மன்னரின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனையில் பணி. பார்கவி அம்மாள் என்னும் நற்குண மங்கையோடு இல்லறம். உலகம் "கொடுத்து வைத்தவர்" என்று சொல்லும் வாழ்வு அது.

அவ்வாழ்வில் இடி விழுந்தது. கால்நடைகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, பொருள் கரைந்தது. "எனக்கு ஏன் இப்படி?" என்று அவர் கலங்கினார். நம் வீடுகளில் கேட்கும் அதே கேள்விதான். இறைவனுடைய வழிநடத்துதல் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கிற்று என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். அந்நாளில் அவருக்கு அது வழியாகத் தோன்றியிராது, நட்டமாகவே தோன்றியிருக்கும்.

உதயகிரிக் கோட்டையில்

தக்கலையிலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில், புலியூர்க்குறிச்சியில், கருங்கல் மதில் சூழ நிற்கிறது உதயகிரிக் கோட்டை. ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பு. நடுவே ஒரு குன்று. இக்கோட்டையை வலுப்படுத்தி எழுப்பியவர் டச்சுக்காரர்களின் படைத்தலைவராயிருந்த டிலனாய். 1741இல் குளச்சல் போரில் தோற்றுத் திருவிதாங்கூர் மன்னரிடம் சிறைப்பட்டவர் அவர். மன்னர் அவருடைய திறமையைக் கண்டு தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பைத் தந்தார்.

சிறைப்பட்ட அந்த அந்நியரிடந்தான் நீலகண்டன் தம் மனச்சுமையை இறக்கி வைத்தார். டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். செல்வமும் மக்களும் உடல்நலமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறிபோன பின்னும் இறைவனைப் பழிக்க மறுத்த அந்த நீதிமானின் கதையை நாம் அறிவோம். யோபு ஏன் துன்புற்றார் என்பதற்கு அந்நூலின் இறுதிவரை இறைவன் காரணம் கூறவில்லை. புயலின் நடுவிலிருந்து அவரோடு பேசினார். காரணத்தைக் கேட்டு நின்ற யோபுவுக்கு இறைவனின் பிரசன்னமே போதுமானதாயிற்று. நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது இதுவே. துன்பத்தை விலைபேசி விரட்டும் கடவுளை அவர் தேடிக்கொண்டிருந்தார். துன்பத்தில் உடனிருக்கும் கடவுளை டிலனாய் காட்டினார்.

கோட்டைக்குள் இன்று சிதைந்து நிற்கும் பழைய சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1777இல் அவர் இறந்தார். இலத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. அருகிலேயே அவருடைய மனைவியும், 1765இல் போரின் விளைவாக இளவயதில் மாண்ட மகனும் துயில்கின்றனர். யோபுவின் கதையைப் பிறருக்கு எடுத்துரைத்தவர், இருபது ஆண்டுகளுக்குப் பின் தாமே மகனைப் புதைத்து யோபுவாகி நின்றார். அக்கல்லறைகளின் முன் சிறிது நேரம் மௌனமாக நில்லுங்கள். ஆறுதல் சொல்பவனும் ஒருநாள் ஆறுதல் தேட வேண்டியவனே என்பதை அவை நமக்குச் சொல்லும்.

இன்னொன்றும் இங்கே சிந்திக்கத்தக்கது. குளச்சலில் டிலனாய் வென்றிருந்தால் இவ்விருவரும் அருகருகே அமர்ந்து பேசியிருப்பார்களா? ஒருவருடைய தோல்வியும் மற்றவருடைய நட்டமும் ஒரு கோட்டைக்குள் சந்தித்தன. அங்கே ஒரு புனிதர் உருவாகத் தொடங்கினார். அன்று அவர்கள் இருவருக்கும் அது தெரியாது.

டிலனாய் அவரை வடக்கன்குளத்திலிருந்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் அனுப்பினார். வடக்கன்குளம் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து இருக்கிறது. அடிகளார் உடனே நீர் வார்த்துவிடவில்லை, அவருடைய உறுதியைச் சோதித்தார், மறைக்கல்வி அளித்தார். 1745 மே 14ஆம் நாள் திருமுழுக்கு நிகழ்ந்தது. லாசர் என்னும் விவிலியப் பெயரின் பொருளைத் தமிழில் தாங்கி "தேவசகாயம்" என்று பெயர் பெற்றார். அவர் மனைவியும் பின்னர் மனம் திரும்பி "ஞானப்பூ" ஆனார்.

பாருங்கள், அவருக்குப் பாதை முழுவதும் ஒருசேரக் காட்டப்படவில்லை. நட்டம் நண்பரிடம் கொண்டு சென்றது. நண்பர் குருவிடம் அனுப்பினார். குரு காத்திருக்கச் சொன்னார். இராவேளையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் உழவனின் கையிலுள்ள அரிக்கேன் விளக்கு ஊர் எல்லைவரை ஒளி வீசுவதில்லை. அடுத்த வரப்பைக் காட்டும். அங்கே கால் வைத்தால் அதற்கடுத்த வரப்பு தெரியும். திருப்பாடல் ஆசிரியர் இறைவாக்கைக் காலடிக்குரிய விளக்காகக் கண்டதன் பொருளும் இதுவே.

முட்டிடிச்சான் பாறையும் பெருவிளையும்

"தேவன் சகாயம் செய்வார்" என்ற பெயரைப் பெற்றவருக்கு நேர்ந்தது என்ன? 1749இல் அவர் கைது செய்யப்பட்டார். கிறிஸ்துவை ஏற்றதும், மக்கள் அனைவரும் சமம் என்று சொல்லித் தாழ்த்தப்பட்டவர்களோடு வேறுபாடின்றிப் பழகியதும் அவருக்கு எதிரான பெரும் குற்றங்களாயின. எருக்கம்பூ மாலையிட்டு, எருமையின்மேல் பின்புறம் நோக்கி உட்காரவைத்து, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள், அடித்தார்கள், புண்களில் மிளகாய்ப் பொடி தூவினார்கள் என்று மக்கள் வழிவழியாக நினைவுகூர்கின்றனர்.

கோட்டைக்கு மிக அருகிலேயே இருக்கிறது முட்டிடிச்சான் பாறை. தாகத்தால் தவித்த தேவசகாயம் செபித்துத் தம் முழங்கை முட்டியால் பாறையை இடிக்க, அங்கே நீர் சுரந்தது என்பது மரபு. திருப்பயணிகள் இன்றும் அந்நீரைப் பக்தியோடு அருந்துகின்றனர். நாகர்கோவிலுக்கு அருகே பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அங்கிருந்த அவரைக் காண மக்கள் திரண்டனர். இரக்கப்பட்டு வந்தவர்களுக்கு அவரே ஆறுதல் சொல்லி அனுப்பினாராம்.

இவ்விரண்டு இடங்களையும் சேர்த்தே நோக்க வேண்டும். பாறையில் தாகம் தீர்ந்தது, விலங்கு அறுபடவில்லை. இறைவன் அன்றைய தாகத்திற்கு அன்றைய நீரைத் தந்தார். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு மன்னாவும் அன்றன்றைக்கே கிடைத்தது. ஆண்டவர் கற்பித்த செபத்திலும் நாம் இன்றைய உணவையே கேட்கிறோம். நாளைய பாரத்தை இன்றைய தோளில் ஏற்றிக்கொண்டு, "ஆண்டவரே, தாங்க முடியவில்லை" என்று நாம் அழுகிறோமே, நாளைக்குரிய வரம் நாளைக்கன்றோ வரும்!

காற்றாடிமலையில்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் ஆரல்வாய்மொழியை நெருங்கும்போதே காற்று நம்மை எதிர்கொள்கிறது. மலைகளுக்கிடையேயுள்ள கணவாயின் வழியாக அது சீறிப் பாய்கிறது. இன்று அக்காற்றில் எண்ணற்ற காற்றாலைகள் சுழல்கின்றன. இங்கே, காற்றாடிமலையில், 1752 சனவரி 14ஆம் நாள் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். சாவதற்குமுன் செபிக்க அனுமதி கேட்டு, பாறைமேல் முழந்தாளிட்டார் என்பர். அங்கே தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறையொன்று உண்டு. மக்கள் அதனை மணியடிச்சான் பாறை என்கின்றனர். சிறுவர் சிறுமியர் கல்லெடுத்துத் தட்டி அந்த ஓசையைக் கேட்டு மகிழ்வதைக் காணலாம்.

எம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு நான் அங்கு சென்றபோது, கடற்கரை ஊரைச் சேர்ந்த முதிய தாய் ஒருவர் பாறையருகே செபித்துக்கொண்டிருந்தார். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்ற அவருடைய மகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நாற்பது நாள் ஒருவேளை மட்டும் உண்டு, உயிரோடு வர வேண்டுமென்று இந்தப் பாறையிலேயே அழுது மன்றாடினாராம். இன்றும் ஆண்டுதோறும் வருகிறார். "எதற்காக அம்மா வருகிறீர்கள்?" என்று கேட்டேன். சிறிது நேரம் மலையைப் பார்த்திருந்து சொன்னார்: "கேட்டது கிடைக்கல்ல சாமி. ஆனா அண்ணைக்கு முதல் இண்ணைக்கு வரை என்னை ஒத்தையில விடல்ல."

அவருக்குச் சொல்ல என்னிடம் விளக்கம் ஏதுமில்லை. மகனை இழந்த தாயிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று எளிதாகச் சொல்லிவிடுதல் விசுவாசமாகாது. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும் துன்பக் கிண்ணம் அகலும்படி மன்றாடினார். கிண்ணம் அகலவில்லை, வானதூதர் வந்து அவரைத் திடப்படுத்தினார் என்று லூக்கா எழுதுகிறார். தேவசகாயத்திற்கும் துப்பாக்கிக் குண்டு விலகவில்லை. ஆயினும் தம் பெயரை மாற்றிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. தேவனின் சகாயம் சில வேளைகளில் விடுதலையாக வருகிறது. அதற்காக நாம் கேட்கவும் வேண்டும். அப்படி வராதபோது, உடனிருக்கும் துணையாக அது வருகிறது. அந்தத் தாய் பெற்றிருந்தது அத்துணையே. அதற்கு அமைதி என்று பெயர்.

கணவாயைத் தாண்டி வடக்கன்குளத்தில் ஞானப்பூ அம்மாளின் கல்லறை இருக்கிறது. கணவருக்குப் பின், தம் சொந்த ஊரை விட்டு அகன்று, திருமுழுக்குப் பெற்ற மண்ணிலேயே அவர் வாழ்நாளை முடித்தார். மறைசாட்சியின் மனைவியாக ஒவ்வொரு நாளையும் தனியே வாழ்ந்து தீர்த்த அவருடைய நம்பிக்கையும் சிறிதன்று. கைம்பெண்களாய்க் குடும்பச் சுமையைத் தாங்கும் நம் சகோதரிகள் இக்கல்லறையைத் தவறாமல் காண வேண்டும்.

கோட்டாற்றில் முடியும் பயணம்

மறைசாட்சியின் எலும்புகளை மக்கள் காட்டிலிருந்து சேகரித்துக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். இன்று பேராலயமாக விளங்கும் அங்கே, நற்கருணைநாதருக்கு முன்பாக நம் பயணம் நிறைவுறுகிறது. ஊர் திரும்புமுன் மூன்று தீர்மானங்களை அங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, முக்கியமான முடிவு எதையும் கலங்கிய மனத்தோடு எடுக்காதிருப்போம். செபித்து, நல்ல நண்பரோடும் ஆன்ம குருவோடும் ஆலோசித்து, காத்திருப்போம். தேவசகாயத்திற்கு டிலனாய் வாயிலாகவும் புத்தாரி அடிகள் வாயிலாகவும் பேசிய இறைவன், நமக்கும் மனிதர் வாயிலாகவே பெரும்பாலும் பேசுகிறார்.

இரண்டாவது, தெளிவாகத் தெரிகின்ற இன்றைய கடமையைச் செய்வோம். நம்பிக்கை என்பது கைகட்டி உட்கார்ந்திருத்தல் அன்று. நோயாளி மருத்துவரிடம் செல்ல வேண்டும்; கடன்பட்டவர் செலவைச் சுருக்க வேண்டும்; மனத்தாங்கல் கொண்டவர் பேசித் தீர்க்க வேண்டும். அண்டை வீட்டாரைச் சாதி பார்த்து ஒதுக்கிக்கொண்டே மன அமைதி கேட்பவருக்கு இப்புனிதரின் இரத்தமே மறுமொழி கூறும்.

மூன்றாவது, இரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், அன்றைய நாளில் இறைவன் எங்கே துணைநின்றார் என்று ஒவ்வொருவரும் ஒரு சொல் சொல்வோம். குழந்தைகளும் சொல்லட்டும். இப்பழக்கம் வேரூன்றிய வீட்டில் நாளைய கவலை வந்தாலும் அது தலைமையிடத்தில் அமராது.

புனிதரின் திருநாளாகிய சனவரி 14, பொங்கல் திருநாளை ஒட்டியே வருகிறது. புத்தரிசி பொங்கும் அவ்வேளையில், ஒரு காலத்தில் பயிர் பொய்த்து நட்டாலத்து வீட்டில் கலங்கி நின்ற அந்த மனிதரையும் நினைத்துக்கொள்வோம். அவரை அடி அடியாக நடத்தியவர் நம் குடும்பங்களையும் கைவிடமாட்டார்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.