விழிக்காத கணினி

புதிய பொருள் ஒன்று வீட்டிற்குள் வரும் நாள் சிறு திருநாள் போன்றது. எங்கள் வீட்டிற்குக் கணினி வந்த நாளும் அத்தகையதே. ஆனால் அது முழுக் கணினியாக வரவில்லை. அட்டைப் பெட்டிகளில் தனித்தனி உறுப்புகளாக வந்தது. பதினோராம் வகுப்பில் பயிலும் என் மகள், "நானே பொருத்திப் பார்க்கிறேன், அப்பா, கூலியும் மிச்சம், கல்வியும் ஆதாயம்" என்றாள். இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அப்பெட்டிகளில் இருந்தது. அச்சம் இருந்தும் இசைந்தேன்.

செயலியையும் நினைவகப் பட்டைகள் இரண்டையும் தாய்ப்பலகையில் அவளே பொருத்தினாள். மின்கம்பிகளை ஒழுங்குபடுத்தும் வேலையை மட்டும் நான் ஏற்றுக்கொண்டேன். எவ்வேலையும் பார்வைக்கு அழகாக இருத்தல் வேண்டும் என்பது என் கொள்கை. கம்பிகளைப் பெட்டியின் பின்புறமாகச் செலுத்தி, நூலால் கட்டி, ஒன்றும் வெளியே தொங்காதவாறு செய்தேன். என் கைவண்ணத்தைக் கண்டு நானே மகிழ்ந்தேன்.

மாலையில் பொத்தானை அழுத்தினோம். விசிறிகள் சுழன்றன, விளக்கு எரிந்தது, திரை மட்டும் இருண்டே கிடந்தது. அணைத்துவிட்டு மீண்டும் அழுத்தினோம். அதே இருள். திரையை அடுத்த வீட்டுக் கணினியில் இணைத்துப் பார்த்தோம். அங்கே அது பளிச்சென்று ஒளிர்ந்தது.

என் உள்ளம் கொதித்தது. "விசிறி சுழல்கிறது, ஆகவே மின்சாரம் வருகிறது. பிறகு வேறு என்ன குற்றம் இருக்க முடியும்? நீதான் அவசரப்பட்டுச் செயலியைக் கெடுத்துவிட்டாய். இனி இதைத் தொடாதே. நாளைக் கடையில் கொடுத்துவிடலாம்" என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே சென்றாள். அன்றிரவு அவள் சரியாக உண்ணவில்லை என்பதை அவள் தாய் சொல்லித்தான் அறிந்தேன்.

மறுநாள் காலையில், "ஒரு மணி நேரம் மட்டும் கொடுங்கள், அப்பா" என்று வந்து நின்றாள். மறுக்க மனம் வரவில்லை.

முதலில் மின்தொடர்பை அகற்றினாள். பிறகு பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டாள். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நம் கைக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் நுண்ணிய சில்லுகளைக் கெடுத்துவிடும்; உலோகத்தைத் தொட்டால் உடலுக்கும் பெட்டிக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு நீங்கும். இதுவரை எனக்கும் விளங்கியது. அடுத்து அவள் செய்ததுதான் விளங்கவில்லை. நினைவகப் பட்டைகள் இரண்டையும் கழற்றினாள். பெட்டியோடு வந்த சிறிய ஒலிப்பானைத் தாய்ப்பலகையில் செருகினாள். மின்சாரத்தை மீண்டும் இணைத்துப் பொத்தானை அழுத்திச் செவி சாய்த்தாள்.

"இருப்பதையும் கழற்றுகிறாயே!" என்றேன்.

"கணினி விழித்தவுடன் செயலி மற்ற உறுப்புகளைச் சோதிக்கும், அப்பா. நினைவகம் இல்லையென்றால் 'பீப்' என்று ஒலித்து முறையிடும். இது முறையிடவே இல்லை. ஆகவே, முறையிட வேண்டிய செயலியே இன்னும் விழிக்கவில்லை."

மருத்துவர் முழங்காலில் தட்டி நரம்பைச் சோதிப்பது என் நினைவுக்கு வந்தது. "அப்படியானால் செயலி கெட்டுவிட்டது என்றுதானே பொருள்?" என்றேன்.

"கெட்டும் இருக்கலாம், பட்டினியாகவும் இருக்கலாம்" என்று கூறிக் கையேட்டைப் புரட்டினாள். தாய்ப்பலகைக்கும் அதன்வழியே விசிறிகளுக்கும் மின்சாரம் தருவது 24 முனைகள் கொண்ட பெரிய இணைப்பு. செயலிக்கோ 8 முனைகள் கொண்ட தனி இணைப்பு உண்டு. 12 வோல்ட் மின்சாரம் அதன்வழியே வரவேண்டும். பலகையின் மேல்மூலையில் அதற்குரிய குழி வெறுமையாக இருந்தது.

கம்பி எங்கே? பெட்டியின் பின்மூடியைத் திறந்தேன். நான் கட்டிய கட்டு ஒன்றனுள், மற்றக் கம்பிகளோடு நூலால் இறுக்கப்பட்டு, அது வெகு அழகாகக் கிடந்தது.

எனக்குப் பேச்சு எழவில்லை. அவளே பேசினாள்: "1947இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மார்க் 2 கணினி கோளாறு செய்தபோது, அதன் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததாம். அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். நம் கணினியில் பூச்சி இல்லை, அப்பா, நூல்தான்."

மின்தொடர்பை அகற்றிவிட்டு நூலை அவிழ்த்துக் கம்பியை அவளிடம் நீட்டினேன். குழியில் அது 'டக்'கென்று அமர்ந்தது. பட்டைகளையும் திரும்பப் பொருத்தினாள். பொத்தானை அழுத்தியதும் ஒரே ஒரு குறுகிய ஒலி. அடுத்த நொடிகளில் திரையில் எழுத்துகள் தோன்றின.

"தவறு என்னுடையது, அம்மா. நேற்று உன்னைக் கடிந்திருக்கக் கூடாது" என்றேன்.

"கம்பிகளை மறுபடியும் கட்டிவிடுங்கள், அப்பா. பார்க்க அழகாகத்தான் இருந்தது" என்றாள்.