படகு வீட்டில் ஒரு குளிர்காலம்

என் ஊர் பாலசமுத்திரம். சித்தூர் மாவட்டத்தில், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் எல்லையோரத்து ஊர். பெயரில்தான் சமுத்திரம் இருக்கிறதே தவிர, இந்நாட்டுக்கு வரும்வரை நான் எந்தப் படகிலும் கால் வைத்தவனல்லன். கால்வாய்ப் படகென்றால், பக்கிங்ஹாம் கால்வாயைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. அப்படிப்பட்டவன் சென்ற குளிர்காலம் முழுவதும் ஆக்ஸ்போர்டு கால்வாயில் ஒரு படகிலேயே குடியிருந்தேன் என்றால், அதற்குக் காரணம் படகின்மேல் கொண்ட மோகமன்று. இந்நகரத்து வீட்டு வாடகை!

படகு யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவருடையது. அவரும் ஆராய்ச்சி மாணவர்தாம். 1790இல் ஆக்ஸ்போர்டு வந்து சேர்ந்த இக்கால்வாயின் மதகுகள் ஏழடி அகலமே உள்ளவை. ஆதலால் படகின் அகலம் ஏழடிக்கும் சற்றுக் குறைவு. ஒருவர் தோசை வார்த்தால் மற்றவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கடந்து போகவேண்டும். எங்களுக்கு நிலையான துறை கிடையாது. அத்தகைய படகு ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். துறை இல்லையென்றால் கரையிலிருந்து மின்சாரமும் இல்லை. 110 ஆம்பியர்-மணி கொண்ட இரண்டு பாட்டரிகள், கூரைமேல் சூரியத் தகடு, இயந்திரம் ஓடினால் வரும் மின்சாரம், இவ்வளவே எங்கள் சொத்து.

பாட்டரியைப் பற்றி எனக்கு யார் பாடம் சொல்வது? ஊரில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு வடிநீர் ஊற்றி வளர்த்தவனல்லவா! அந்தச் செருக்கில்தான் மின்கெண்டி ஒன்று வாங்கிவந்தேன். 2000 வாட். அண்ணா முகத்தைச் சுளித்தார், நான் சிரித்தேன். ஆனால் 12 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 167 ஆம்பியர். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 185க்குக் குறையாது. ஒருமுறை நீர் கொதிப்பதற்குள் 15 ஆம்பியர்-மணி ஆவியாகப் போய்விடும். ஈயப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே வடிய விட்டால் அதன் தகடுகளில் சல்பேட் இறுகி ஆயுள் குறையும். ஆகவே எங்களிடம் இருந்த 220இல் செலவுக்கு உரியது 110தான். குளிர்பெட்டிக்கு 40, விளக்குக்கும் கணினிக்கும் 30, மூன்று வேளைத் தேநீருக்கு 45. கூட்டிப் பாருங்கள். டிசம்பர் மாதத்தில் இங்கே பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. சூரியத் தகடு பெயருக்குத்தான் இருந்தது.

கூட்டிப் பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

படகில் டீசலால் எரியும் வெப்பக்கருவி ஒன்றும் உண்டு. எரிவது டீசலானாலும், அதைப் பற்றவைக்கும் கம்பி பழுக்கக் காய்வதற்கு மின்சாரம் வேண்டும். ஏறக்குறைய 10 ஆம்பியர். பாட்டரிகள் இருந்த பின்கோடிக்கும் கருவி இருந்த முன்பகுதிக்கும் இடையே 10 மீட்டர், போகவர 20. யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பி போட்டிருந்தார். அந்தக் கம்பியிலேயே 1.4 வோல்ட் தொலைந்துபோகும். பாட்டரி நிறைந்திருந்தால் கருவி இதைப் பொறுத்துக்கொள்ளும். என் கெண்டி குடித்து மீதி வைத்த பாட்டரியில் பொறுக்குமா? ஜனவரியில் ஓரிரவு கருவி இரண்டுமுறை முனகியது. பிறகு தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

சரி, நிலக்கரிக் கணப்பு இருக்கிறதே என்றோம். கரி போதவில்லை; ஈர விறகையும் சேர்த்தோம். விடியும்வரை நெருப்பு நிற்கட்டும் என்று காற்றுவாயை ஏறக்குறைய மூடிவிட்டோம். கூரையிலுள்ள இரண்டு காற்றுத்துளைகள் வழியாகக் குளிர் கத்திபோல் இறங்கியது. அன்று மாலைதான் அம்மா தொலைபேசியில், "பனி உள்ளே வராம எல்லாத்தையும் சாத்திக்கிட்டுப் படுடா" என்று சொல்லியிருந்தார்கள். நான் தாய் சொல்லைத் தட்டாதவன். ஊரிலிருந்து கொண்டுவந்த துண்டை இரண்டாகக் கிழித்துத் துளைகளில் திணித்தேன்.

இரவு இரண்டு மணி இருக்கும். சுவரிலிருந்த அலாரம் அலறிற்று. நான்கு கூவல், சற்று நிறுத்தம், மறுபடி நான்கு கூவல்.

"தம்பி, அதின்ர பாட்டரி முடிஞ்சுபோச்சு போல. கழற்றி வையும். நான் நித்திரை கொள்ளவேணும்" என்றார் அண்ணா.

எழுந்தேன். தலை இரும்பாய்க் கனத்தது. குளிரினால் என்று நினைத்தேன். கை அலாரத்தைக் கழற்றப் போயே விட்டது! பாட்டரி தீர்ந்தால் நிமிடத்துக்கொரு முறை 'கீச்' என்னுமே தவிர இப்படி அலறாதே என்பது அப்போதுதான் உறைத்தது. கார்பன் மோனாக்சைடு, இரத்தத்து ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். நிறமில்லை, மணமில்லை என்றும் எழுதியிருக்கிறேன். என் மூக்கெதிரே அது நிற்கையில் எனக்குத் தெரியவில்லை.

அண்ணாவை இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். அவர் இரண்டடி வைத்ததும் வாந்தி எடுத்தார். பக்கத்துப் படகு மூதாட்டி எழுந்துவந்து போர்வை கொடுத்தார். அவசர உதவிக்குச் சொன்னவரும் அவரே. மருத்துவமனையில் ஆக்சிஜன் முகமூடி அணிந்து பொழுது விடிந்தது.

இரண்டு நாள் கழித்து அம்மூதாட்டியே நின்று வேலை வாங்கினார். புகைக்குழாயில் தூரிகையை விட்டால் அரைவாளி தாரும் கரியும்! ஈர விறகின் வேலை அது. கணப்புக் கதவின் கயிற்றுப் பட்டை நைந்திருந்தது, மாற்றினோம். அள்ளிய சாம்பலை உள்ளே வைக்காதீர்கள், சூடுள்ள சாம்பலும் அந்த வாயுவை விடும் என்றார். 2019 ஏப்ரல் முதல் தங்குமிடமுள்ள படகுகளுக்கு இந்த அலாரம் கட்டாயம். அண்ணா முணுமுணுத்துக்கொண்டே மாட்டியதுதான் அதுவும்.

வெப்பக்கருவிக்கு இப்போது 10 சதுர மில்லிமீட்டர்க் கம்பி; இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் அடங்கிவிட்டது. தேநீருக்குக் கணப்பின்மேல் ஒரு பாத்திரம். கெண்டியை, கரையில் அறையெடுத்திருக்கும் ஒரு நண்பனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அம்மா இன்றும் சாத்திக்கொண்டு படுக்கத்தான் சொல்கிறார்கள். நானும் 'சரிம்மா' என்கிறேன். இவ்விதழ் பாலசமுத்திரம்வரை போகாது என்ற துணிவில்தான் இவ்வளவும் எழுதினேன். ஆசிரியர் குழுவினர் தயவுசெய்து அங்கே ஒரு படியும் அனுப்பவேண்டாம்.