கஞ்சி இறங்குதே என்று இருந்துவிடாதீர்கள்



நம்ம ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் பெயர் ஒன்றுதான்: கேஸ். உடனே ஒரு சோடா. சோறு சிக்கினால் குழைத்துச் சாப்பிடுவோம், அதுவும் சிக்கினால் கஞ்சி. அந்தக் கஞ்சிதான் ஏமாற்றும். உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய், நன்றாக விரிந்து கொடுக்கும். பாதிக்கு மேல் அடைபட்ட பிறகுதான் பலருக்குச் சோறு சிக்குவதே தெரியும். இரண்டு வாரம் தொடர்ந்து சிக்கினால் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுங்கள்.

என்னிடம் படித்த ஒருவன், கீழவைப்பாரில் வள்ளத்துக்குப் போகிறவன், "சார், தொண்டையில இல்ல, நெஞ்சுக்குள்ள நிக்கி" என்றான். அதற்குள் இரண்டு மாதம் கஞ்சியிலேயே ஓடியிருந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் 'ஸ்மால் செல்' வகைப் புற்று. நம் நாட்டில் உணவுக்குழாயில் அதிகம் வருவது ஸ்குவாமஸ் வகை. புகையிலை, பாக்கு, சாராயம் எல்லாம் அதற்குக் காரணம். இது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். ஆனால் வேகம் அதிகம். நிணநீர் முடிச்சுக்கும் கல்லீரலுக்கும் சீக்கிரம் போய்விடும்.

"வெட்டி எடுத்துட்டா முடிஞ்சிரும்லா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஸ்குவாமஸ் என்றால் பலருக்கு ஆபரேஷன் உண்டு. இதில் பெரும்பாலும் கீமோதான் முதலில். கண்ணுக்குத் தெரியாமல் பரவியதைக் கத்தி எட்டாது. நுரையீரல் ஸ்மால் செல்லுக்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின், எட்டோபொசைட் மருந்துகளையே இதற்கும் கொடுக்கிறார்கள். தூரம் பரவாதவர்களுக்குக் கூடவே கதிர்வீச்சு, அதாவது நாம் 'கரண்ட் வைக்கிறது' என்போமே, அது.

சிஸ்பிளாட்டினில் இருப்பது அசல் பிளாட்டினம். அமெரிக்காவில் ரோசன்பர்க் என்பவர் பாக்டீரியாவில் மின்சாரம் பாய்ச்சிச் சோதித்தார். மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் செல் பிரிவதைத் தடுப்பது தெரிந்தது. 1965-ல் அதை வெளியிட்டார். (வாத்தியார் புத்தி, விடாது.) சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து என்பதால் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவார்கள்.

செலவுக்குப் பயந்தார்கள். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் 12 படுக்கையோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கினார். இன்று முதலமைச்சர் காப்பீட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே கீமோ கிடைக்கிறது.

வீட்டில் பெரிய சண்டை டியூபுக்குத்தான். "வயித்துல டியூப் போட்டா அம்புட்டுதான்" என்று அவன் மனைவி அழுதாள். எடை குறைந்தால் உடம்பு கீமோவைத் தாங்காது, அதனால்தான் டியூப் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இப்போது பால், சத்துமாவுக் கஞ்சி எல்லாம் அதன் வழியாகத்தான். குணமாகிவிடும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. நாலு சுற்று முடிந்து ஸ்கேனுக்குக் காத்திருக்கிறோம். எடை மட்டும் மூன்று கிலோ ஏறியிருக்கிறது.